தெருமுனைப் பூங்காவுக்கு அரசின் பங்கைப் பெறுவது எப்படி: நமக்கு நாமே திட்டத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மனைப்பிரிவு போட்ட காலத்தில் பூங்காவுக்கென்று விட்ட ஒரு கிரவுண்டு இடம் அநேகமாக எல்லா நகர்களிலும் இருக்கும். அதில் பாதியில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், மீதியில் யாரோ வீடு இடித்த செங்கல் கிடக்கும். அதைச் சீர்செய்ய வேண்டும் என்று தெருவில் எல்லோருக்கும் ஆசை உண்டு. எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியாது. தமிழ்நாட்டு நகரங்களில் அதற்கு இருக்கிற நேரான வழி நமக்கு நாமே திட்டம். 1997-98ல் தொடங்கிய திட்டம் இது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது, 2021ல் பழைய பெயரோடு திரும்ப வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அடிப்படை எளிமையானது. பூங்கா, விளையாட்டுத் திடல், தெருவிளக்கு, மரம் நடுதல் போன்ற பொதுப் பணி ஒன்றின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசும் உள்ளாட்சியும் போட்டுப் பணியை முடித்துத் தரும். தனிநபர், குடியிருப்போர் நலச் சங்கம், நிறுவனம், முன்னாள் மாணவர் குழு என யார் வேண்டுமானாலும் பங்கு தரலாம்.

இதில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் பணம் சேராமல் தோற்பதில்லை. வரிசை தவறுவதால்தான் தோற்கிறார்கள். கூட்டம் போட்டு, வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று வசூலித்துவிட்டு, அதன்பின் அலுவலகத்துக்குப் போவார்கள். அங்கே அந்த இடம் உள்ளாட்சியின் பெயரிலேயே இல்லை என்று தெரியவரும். வசூலித்த பணம் ஒருவர் கணக்கில் கிடக்கும், ஆறு மாதத்தில் தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே முதலில் நிலத்தின் காகிதம், அடுத்து மதிப்பீடு, மூன்றாவதாகத்தான் பணம். இந்த வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

நிலத்தின் காகிதம்

இடத்தின் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரத்தின் நான்கெல்லையில் 'பூங்காவுக்கு மேற்கு' என்பது போல ஒரு வரி இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். பத்திரத்தோடு இணைத்த மனைப்பிரிவு வரைபடத்தைப் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் சிஎம்டிஏ (சென்னைப் பகுதி) அல்லது டிடிசிபி (மற்ற பகுதிகள்) கொடுத்த அனுமதி எண் அதில் அச்சாகியிருக்கும், பூங்கா இடம் தனியாக வண்ணமிட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடியெடுக்க அந்த ஒரு எண் போதும்.

பிறகு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, நிலத்தின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் 'அ' பதிவேடு, நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை எடுங்கள். மூன்று விதமான விடை வரலாம்.

ஒன்று, உள்ளாட்சியின் பெயர். கவலையில்லை. நேராக அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இரண்டு, அரசு புறம்போக்கு. எந்த வகைப் புறம்போக்கு என்று பாருங்கள். வாய்க்கால், குட்டை, ஏரி என்று இருந்தால் அதில் பூங்கா கட்ட நினைக்கவே வேண்டாம். நீர்வழியை அடைத்துப் பேவர் கல் பதித்தால் முதல் மழையிலேயே தெருவுக்குள் தண்ணீர் வரும், நீதிமன்றமும் அதை அனுமதிக்காது. நெடுஞ்சாலைத் துறை இடமானால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். சாலைச் சந்திப்பு நடுவில் உள்ள தீவுத் திட்டு என்றால் போக்குவரத்துக் காவல்துறையின் சம்மதமும் வேண்டும்.

மூன்றாவது விடைதான் சிக்கலானது, அடிக்கடி வருவதும் அதுவே. பட்டா இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கும். திறந்தவெளி ஒதுக்கீடு, பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். இடம், உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் எழுதித் தரப்பட வேண்டும். 2019ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தை இப்படி நிலமாகவே கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகச் செலுத்தவும் வழியுண்டு. எனவே சிறிய நகர்களில் 'இது பூங்கா இடம்' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது காகிதத்தில் வேறாக இருக்கக்கூடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். அதன் நகலை வாங்கி, உள்ளாட்சி பெயருக்குப் பட்டா மாற்றக் கோரி ஆணையாளருக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள். தானப்பத்திரமே பதிவாகவில்லை என்றால் நகரமைப்புப் பிரிவில்தான் வேலை, அது மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பணம் வசூலிக்கும் பேச்சே கூடாது.

காகிதம் சரியானதும் நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் நட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் 2 அடி உள்ளே வந்திருப்பது அப்போதுதான் தெரியும். கட்டுமானம் தொடங்கிய பிறகு தெரிந்தால் பணி நின்றுபோகும். அந்த வீட்டுக்காரரிடம் அளப்பதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. நோட்டீஸ் வந்து தெரிந்துகொள்கிறவர் கடைசிவரை உங்களோடு சேர மாட்டார்.

குப்பை முனை என்றால் இன்னொரு படி

பூங்கா இடம் இல்லை, தெருமுனையில் குப்பை கொட்டும் இடத்தைத்தான் அழகுபடுத்தப் போகிறோம் என்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே ஏன் குப்பை விழுகிறது என்று ஒரு வாரம் காலையில் நின்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் நேரம்தான். தூய்மைப் பணியாளரின் வண்டி எட்டு மணிக்கு வரும், வேலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் டீக்கடையோ இறைச்சிக் கடையோ இருந்தால் அதன் கழிவு இரவில் விழும். இதைத் தீர்க்காமல் சுவரில் படம் வரைந்து தொட்டி வைத்தால், குப்பை பத்தடி தள்ளி விழும், அல்லது தொட்டிக்குள்ளேயே விழும். வார்டின் துப்புரவு ஆய்வாளரிடம் பேசி வண்டி நேரத்தை மாற்றுங்கள். கடைக்காரர்களுக்குத் தனி எடுப்பு ஏற்பாடு செய்யுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் அந்த இடம் சுத்தமாக இருந்த பிறகு விண்ணப்பம் எழுதுங்கள்.

விண்ணப்பமும் மதிப்பீடும்

விண்ணப்பத்தை மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையாளருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த அளவு போதும்:

'பொருள்: நமக்கு நாமே திட்டம் – வார்டு எண் __, __ நகர், சர்வே எண் __ல் உள்ள பூங்கா இடத்தை மேம்படுத்துதல் – மதிப்பீடு தயாரிக்கக் கோருதல் – தொடர்பாக. மேற்படி இடம் 60 அடிக்கு 40 அடி அளவுள்ளது. உள்ளாட்சிக்குத் தானமாக வழங்கப்பட்டது, பத்திர நகல் இணைக்கப்பட்டுள்ளது. சுற்றுவேலி, நடைபாதை, மரங்கள், இரண்டு விளக்குகள், மழைநீர் உறைகிணறு ஆகியவை தேவை. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்தச் சம்மதிக்கிறோம். பணி முடிந்தபின் அன்றாடப் பராமரிப்பை ஏற்கச் சம்மதிக்கிறோம்.'

கடைசி வரியை விடாதீர்கள். பொறியாளர் முதலில் நினைப்பது 'கட்டிக் கொடுத்தால் யார் பார்ப்பார்கள்' என்பதைத்தான். இணைக்க வேண்டியவை: நிலத்தின் நகல்கள், நான்கு திசைகளிலிருந்தும் எடுத்த படங்கள், கையால் வரைந்த ஒரு திட்டப்படம், சங்கத்தின் தீர்மானம், தெருவாசிகளின் கையெழுத்து. தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரையும் எண்ணும் போட்ட ஒப்புகையை வாங்காமல் வராதீர்கள். வார்டு உறுப்பினருக்கு ஒரு நகல் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் இதே கோரிக்கையைப் பதிவு செய்ய வைப்பதும் நல்ல பலம்.

சங்கம் பதிவு செய்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தனிநபரும் பங்கு தரலாம் என்பதால் அது தடையில்லை. ஆனால் பல வீடுகள் சேர்ந்து பணம் போடும்போது சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால்தான் பின்னால் மனத்தாங்கல் வராது. 1975ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான சங்கம் என்றால் ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல சங்கங்கள் பெயரளவில்தான் உயிரோடு இருக்கின்றன.

உதவிப் பொறியாளர் இடத்துக்கு வந்து அளந்து மதிப்பீடு போடுவார். அன்று நீங்கள் கூடவே இருக்க வேண்டும். மதிப்பீடு அரசு விலைப்பட்டியலின்படி போடப்படும், கடையில் கிடைக்கும் விலையில் அல்ல. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 1 சதவீதத் தொழிலாளர் நல நிதி போன்றவை ஏறும். ஒப்பந்தக்காரர் நண்பர் ஒருவர் சொன்ன தொகையை வைத்துப் பங்கைக் கணக்கிட்டவர்கள் திகைத்துப்போவது இங்கேதான். மதிப்பீடு 9 லட்சம் என்றால் உங்கள் பங்கு 3 லட்சம். 60 வீடுகள் என்றால் வீட்டுக்கு 5,000 ரூபாய். இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் வசூல் பட்டியல் போட வேண்டும்.

தொகை கூடுதலாகத் தெரிந்தால் பொறியாளரோடு உட்கார்ந்து எதை விடலாம் என்று பேசுங்கள். எங்கள் கருத்தில் முதலில் விட வேண்டியது நீரூற்று, அடுத்தது அலங்கார நுழைவு வளைவு. நீரூற்றின் மோட்டார் ஓராண்டில் பழுதாகும், தேங்கிய நீரில் கொசு வளரும். வேலி, நடைபாதையின் அடித்தளம், உறைகிணறு ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

ஒரு கிரவுண்டுக்கு என்னென்ன எவ்வளவு

பொறியாளரின் மதிப்பீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள, 60 அடிக்கு 40 அடி இடத்தையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. வேலியிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி, 4 அடி அகலத்தில் சுற்றிவரும் நடைபாதை. அதன் வெளிவிளிம்பு 54 × 34, உள்விளிம்பு 46 × 26. பரப்பு 640 சதுர அடி வரும். ஆட்கள் நடக்கிற பாதைக்கு 60 மி.மீ. தடிமன் பேவர் கல் போதும், வண்டி ஏறும் வாயில் பகுதியில் மட்டும் 80 மி.மீ. வேண்டும்.

பேவர் பாதை கெடுவது கல்லால் அல்ல, கல்லுக்கு அடியில் இருப்பதால். 8 அங்குலம் தோண்டி, மண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 100 மி.மீ. ஜல்லிக் கலவை பரப்பி மறுபடி இறுக்கி, அதற்கும் மேல் 40 மி.மீ. எம்-சாண்ட் சமன்படுத்திக் கல் பதிக்க வேண்டும். 640 சதுர அடிக்கு இறுகிய நிலையில் ஜல்லிக் கலவை ஏறத்தாழ 210 கன அடி. இறுகும்போது அமுங்கும் என்பதால் 3 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறங்க வேண்டும். எம்-சாண்ட் 1 யூனிட். லாரி எத்தனை யூனிட் இறக்கியது என்று எண்ணினாலே அடித்தளம் ஒழுங்காக விழுகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு விளிம்பிலும் சேர்த்து 320 அடிக்கு, ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் கெர்ப் கல் வேண்டும். கெர்ப் இல்லாமல் பதித்தால் ஓரக் கற்கள் வெளிப்பக்கம் நகர ஆரம்பித்து, ஒரே மழைக்காலத்தில் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழும். பாதையின் சரிவு 4 அடி அகலத்துக்கு 1 அங்குலம், உள்பக்கம் மண்ணை நோக்கி இருக்கட்டும்.

இடத்தின் தாழ்வான மூலையில் 3 அடி விட்டத்தில் 12 உறை இறக்கிய உறைகிணறு ஒன்று வேண்டும். அதற்கு முன்னால் 2 அடி சதுரத்தில் வண்டல் தொட்டி கட்டாயம். அது இல்லாமல் நீரை நேராக உறைக்குள் விட்டால் இரண்டு பருவத்தில் சேறு அடைத்து, கிணறு வெறும் குழியாகிவிடும்.

மரங்களைப் பொறுத்தவரை ஒரு கிரவுண்டுக்கு 8 முதல் 10 போதும். ஆர்வத்தில் 40 நடுகிறவர்கள் மூன்றாம் ஆண்டு 30ஐ வெட்டுகிறார்கள். குழி 3 அடிக்கு 3 அடி, ஆழம் 3 அடி. செம்மண், மணல், மட்கிய சாண எரு மூன்றும் சமமாக, குழிக்கு 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு. புங்கை, மகிழம், பூவரசு, நாவல், சரக்கொன்றை நல்ல தேர்வு. மின்கம்பி போகும் பக்கம் மந்தாரை, பவளமல்லி போன்ற சிறிய மரங்கள் மட்டும். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகரும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. நிழல் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக அவற்றை நடாதீர்கள். கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம், அதன் வேர் குழாயையும் வடிகாலையும் தேடிப் போகும். ஏற்கெனவே நிற்கிற மரத்தைச் சுற்றி 3 அடிக்குப் பேவரோ சிமெண்டோ போடக் கூடாது என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் கொத்தனார் அடிமரம் வரை பூசிவிடுவார்.

சுவர் ஓவியம் இருந்தால், சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் தூளாகக் கையில் ஒட்டினால் சுவரின் மறுபக்கம் ஈரம் இருக்கிறது. அதை நிறுத்தாமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் உரியும். 1,000 சதுர அடிச் சுவருக்கு ஒரு கை பிரைமர் 10 லிட்டர், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் செலுத்துவது

பங்குத் தொகையை வரைவோலையாகவோ காசோலையாகவோ உள்ளாட்சியின் பெயருக்கே கொடுக்க வேண்டும். உறுப்பினர் கையிலோ ஒப்பந்தக்காரர் கையிலோ ஒரு ரூபாய் கூடப் போகக் கூடாது. ரசீதில் 'நமக்கு நாமே திட்டம்' என்பதும் பணியின் பெயரும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே படித்துப் பாருங்கள். வெறும் 'இதர வரவு' என்று போட்டுவிட்டால் அந்தப் பணத்தை உங்கள் கோப்போடு சேர்க்க மறுபடி அலைய வேண்டும்.

உழைப்பைப் பங்காகக் கணக்கிடும் ஊர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988ல் தொடங்கிய இதே போன்ற நிதியில், தெருவாசிகள் மண் வெட்டிய மணி நேரத்தையும் அவர்களுடைய பங்காக ஏற்கிறார்கள். இங்கே பங்கு பணமாகத்தான் போக வேண்டும். ஆனால் உங்கள் பங்கு மதிப்பீட்டில் பாதிக்குக் குறையாமல் இருந்தால், பணியை நீங்களே அல்லது நீங்கள் காட்டும் ஆள் மூலம் செய்யக் கேட்கலாம். இல்லையென்றால் ஒப்பந்தப்புள்ளி கோரித்தான் பணி நடக்கும். தெருவில் கட்டட அனுபவம் உள்ள ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்து, தினமும் நிற்க முன்வந்தால் மட்டுமே தாங்களே செய்யும் வழியை எடுங்கள்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் உள்ளே போனால் கட்டுமானத்தை மழைக்கு முன் முடித்து, புரட்டாசியில் மரம் நடலாம். வடகிழக்குப் பருவமழை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பாதியாகக் குறைக்கும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதியால் புதுப் பணிகள் தொடங்காது, எனவே தேர்தல் ஆண்டில் இன்னும் முன்கூட்டியே ஓடுங்கள்.

பணி நடக்கும்போது

பணி ஆணையின் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் கிடைக்கும். மூடப்போகிற எதையும் மூடுமுன் படமெடுங்கள். ஜல்லிப் படுகையில் அளவுகோலை நிறுத்தி, எண் தெரியும்படி ஒரு படம். வேலிக்கால் குழியில் கான்கிரீட் போடும் முன் ஒரு படம். பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே அந்தப் படம் அவர் கைபேசிக்குப் போயிருந்தால் 100 மி.மீ. என்பது 100 மி.மீ. ஆகவே இருக்கும். சண்டை போடத் தேவையே வராது. கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஒரு வாரம் நீராற்ற வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார், அன்று தெருவில் ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும்.

விளக்குக்கான மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் உள்ளாட்சியின் பெயரில்தான் வாங்கப்பட வேண்டும். சங்கத்தின் பெயரிலோ பக்கத்து வீட்டு மீட்டரிலோ 'தற்காலிகமாக' எடுத்தால் அது நிரந்தரமாகிவிடும். அந்த வீட்டுக்காரர் குடி மாறும் நாளில் பூங்கா இருண்டுபோகும்.

ஒப்படைத்த பிறகு

யார் திறப்பது, யார் பூட்டுவது, குப்பையை யார் எடுப்பது, பழுதுச் செலவு யாருடையது என்பதை உள்ளாட்சியோடு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடை கண்டம். மார்ச் முதல் ஜூன் வரை கன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டர் வீதம், மாலையில். 10 கன்றுக்கு வாரம் 200 லிட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு கன்று என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால் ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் சேர்ந்து எல்லாவற்றையும் பார்ப்பது என்று விட்டால் ஏப்ரலில் பாதி காய்ந்திருக்கும். வண்டல் தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் அள்ளுங்கள்.

ஒப்பந்தக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் மீந்த பேவர் கற்களில் முப்பதை வாங்கி, வேலி ஓரமாக அடுக்கி வையுங்கள். குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ யாராவது ஒருநாள் பாதையைத் தோண்டுவார்கள். அப்போது அதே அச்சிலும் நிறத்திலும் கல் கடையில் கிடைக்காது.